ஏரித் துறைகளும் ஓட வழியும்

பள்ளிப்பட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குப் படகைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் இடையே ஒரு மாவட்டத்தின் முழு நீளம் கிடக்கிறது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் நாங்கள் ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவர்கள். அன்றுதான் திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தோம். குன்றும் கரும்புக் கொல்லையுமே எங்கள் காட்சி. ஆயினும் எங்கள் ஊர்ப்பக்கம் தோன்றும் கொசத்தலையாறு மழைக்காலத்தில் பெருகிக் கிழக்கே ஓடி, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் சிறிது இளைப்பாறி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. ஓர் ஆற்றின் தலைமாட்டில் இருப்பவன் அதன் கால்மாட்டில் நிகழ்ந்தவற்றை அறிய விரும்புவது இயற்கைதானே? அந்த விருப்பமே என்னை எண்ணூருக்கும், அங்கிருந்து பழவேற்காட்டுக்கும், ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துக்கொண்டு போகத் தூண்டியது.

எண்ணூரிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோரமாகவே ஒரு நீர்வழி செல்கிறது. முதலில் கழி, பிறகு கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரி. ஏரி என்று நாம் வழக்கத்தில் சொல்கிறோமேயன்றி, அது நன்னீர் ஏரியன்று. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து நிற்கும் காயல். இந்திய நாட்டில் ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்தபடி பெரியது. நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் அதில் விழுகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டை என்னும் நீண்ட மணல் தீவு, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுவர்போல் நிற்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்கோடி மட்டுமே நம்முடையது. அந்தத் தென்கோடியில் பழவேற்காடு என்னும் ஊர். வடபுறத்தில் துர்க்கராயப்பட்டணம் என்னும் ஊர். பாதையின் தொடக்கத்திலுள்ள எண்ணூரையும் சேர்த்தால் மூன்று. இம்மூன்று சிற்றூர்களையும் கோத்து நின்ற நூல் படகே.

நான் சொல்ல வந்த செய்தியை முன்பே சொல்லிவிடுகிறேன். சென்னையின் வரலாற்றைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து தொடங்குவதே பாடநூல்களின் வழக்கம். அதை இந்த ஏரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

விசயநகர மன்னர் காலத்தில் பழவேற்காடு சோழமண்டலக் கரையின் தலைசிறந்த துறைகளுள் ஒன்று. மலாக்கா முதலிய கீழைநாட்டுத் துறைகளுக்கு இங்கிருந்து துணிகள் சென்றன. சாயம் தோய்த்தும் வண்ணம் தீட்டியும் கட்டம் போட்டு நெய்தும் அனுப்பிய அத்துணிகளுக்குக் கடல் கடந்து எத்தகைய மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது வேறொன்றுமன்று, ஐரோப்பியர் நாவில் ‘புலிக்கட்’ ஆகிய நம் பழவேற்காடே. உடுப்பவர் ஊரை அறியார். ஊரார் உடுப்பவரை அறியார். பெயர் மட்டும் கடலைக் கடந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கிறது.

போர்த்துகேசியர் முதலில் வந்தனர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். டச்சுக்காரர் என்று நாம் குறிப்பிடுவோர் இவர்களே. 1610-இல் வேங்கடபதிராயரின் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகேசியர் அதைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே ஒல்லாந்தர் அங்கே கோட்டை ஒன்றை எழுப்பிக்கொண்டனர். அதன் பெயர் கெல்ட்ரியா. தங்கள் நாட்டு மாநிலம் ஒன்றின் பெயரை அதற்கு இட்டனர். 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமை மாற்றப்படும் வரையில், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய ஆட்சிக்குத் தலைமையிடம் இக்கோட்டையே.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய கப்பல் பழவேற்காட்டு ஏரிக்குள் வராது. ஏரியின் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு நீரே நிற்கும். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலோ மணல் திட்டு. ஆகவே கப்பல் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். துணி மூட்டைகளைச் சிறு படகுகள் ஏரி வழியே கொண்டுசென்று, முகத்துவாரத்தைக் கடந்து, கப்பலில் ஏற்றும். அடிப்பாகம் தட்டையான படகுகள் அவை. ஆழமற்ற நீரில் கோலை ஊன்றித் தள்ளுவர். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். ஆக, துறைமுகத்தின் உயிர் கப்பலில் இல்லை, படகில் இருந்தது. படகோட்டி முகத்துவாரத்தின் மணலை அறிந்தவன். அவன் அறியாத வழியில் எந்தக் கம்பெனியின் செல்வமும் ஒரு முழம்கூட நகராது. ஆயினும் கம்பெனிக் கணக்குகளில் துணியின் விலை கிடைக்கும் அளவுக்கு அவனைப் பற்றிய செய்தி கிடைப்பதில்லை. வரலாறு எழுதுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய குறை இது.

1652-இல் அவ்வழியே சென்ற தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர், பழவேற்காட்டார் குடிநீர் எடுக்கும் முறையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். கடல் பின்வாங்கும் நேரத்தில் கரையோர மணலில் குழி தோண்டுவார்களாம். அதில் நல்ல நீர் ஊறுமாம். கோட்டையும் பீரங்கியும் உடையவர்களுக்கும் தாகம் தணித்தது மணற்குழிதான்.

கோட்டை இன்று இல்லை. மேடும் புதரும் எஞ்சியுள்ளன. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் உண்டு. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். என்னுடன் வந்த மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்த்துத்தான் முதலில் சிரிப்பார்கள், பிறகு அமைதியாவார்கள். கல்லறைகளில் பொறித்த எழுத்துகள் இன்றும் அழகு குன்றவில்லை. பழவேற்காட்டிலிருந்து இன்னொரு வகைச் சரக்கும் சென்றது. அதற்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய ஆண்டுகளில் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொள்ள நேர்ந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. ஒல்லாந்தர் 1619-இல் நிறுவிய நகரம். துணிமூட்டை ஏறிய அதே படகுத் துறையில்தான் மனிதரும் ஏற்றப்பட்டனர். இதைச் சொல்லாமல் பழவேற்காட்டின் பெருமையை மட்டும் பேசுவது முறையன்று.

இனி ஆங்கிலேயர் கதைக்கு வருவோம். 1621-இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரும் பழவேற்காட்டுக்கு வந்து வாணிகத்தில் பங்கு கேட்டனர். ஒரே உறையில் இரண்டு வாள் எங்ஙனம் இருக்கும்? இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளியேறினர். 1626-இல் அதே ஏரியின் வடபுறத்தில், துர்க்கராயப்பட்டணத்தில் இடம் பிடித்தனர். அங்கே அவர்களுக்கு உதவியவர் ஆறுமுக முதலியார் என்பவர் என்றும், அவர் பெயரால்தான் ஆங்கிலேயர் அவ்விடத்தை ‘ஆர்மகான்’ என்று அழைத்தனர் என்றும் சொல்வர். 1628-இல் அங்கே 12 பீரங்கிகளும், வணிகரும் வீரருமாக 23 பேர் கொண்ட காவலும் இருந்தன. ஆங்கிலக் கம்பெனி இந்திய மண்ணில் அமைத்த முதல் அரண் என்று அதனைக் கூறுவதுண்டு.

ஓர் ஏரி, தென்புறத்தில் ஒல்லாந்தர், வடபுறத்தில் ஆங்கிலேயர். நடுவே மீனவர். நெசவாளர் பெரும்பாலும் தெற்கே இருந்தனர். நல்ல துணியும் அங்கேயே கிடைத்தது. ஆர்மகானில் தலைமை ஏற்றிருந்த பிரான்சிஸ் டே என்பவர் தெற்கே வேறிடம் தேடியதற்குக் காரணம் இதுதான். பழவேற்காட்டைத் தாண்டி, ஒல்லாந்தர் கைக்கு எட்டாத தொலைவில், போர்த்துகேசியர் சாந்தோமுக்கு அண்மையில் ஒரு மணற்பரப்பு அவர் கண்ணில் பட்டது. தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் 1639 ஆகஸ்டு மாதத்தில் அதற்குரிய உரிமை பெற்றார். 1640 பிப்ரவரியில் ஆர்மகானை விட்டு அங்கே குடியேறினர். அந்த மணற்பரப்பே சென்னப்பட்டினம். ஏரியில் இடம் போதாமையால் பிறந்த நகரம் அது.

இதில் ஒரு விந்தை உண்டு. விட்டுவந்த இரண்டு ஊர்களிலும், குறைபாடுடையதாயினும், படகு ஒதுங்க ஏரி என்னும் காப்பு இருந்தது. தேர்ந்தெடுத்த ஊரிலோ எந்தக் காப்பும் இல்லை. திறந்த கடல், ஓயாத அலை. நாரினால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி அலையைக் கடந்தால்தான் கப்பலிலிருந்து கரைக்கு வர முடியும். வந்தவர் பலர் நனைந்தே வந்தனர். சிலர் வரவே இல்லை. செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது 1870-களின் நடுவில். அதையும் 1881-இல் ஒரு புயல் உடைத்தெறிந்தது. இயற்கைத் துறை இருந்த ஊர்கள் சிறுத்தன. துறையே இல்லாத ஊர் மாநகரமாயிற்று. வசதியான இடத்தில்தான் நகரம் வளரும் என்று புவியியல் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுப்பதற்கு இது நேர்மாறு. பழவேற்காட்டை ஆங்கிலேயர் 1781-இல் பிடித்தனர், திருப்பிக் கொடுத்தனர், 1795-இல் மீண்டும் பிடித்தனர், மீண்டும் கொடுத்தனர், இறுதியில் 1825-இல் உடன்படிக்கையால் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். அதற்குள் அதைப் பெறுவதில் பெருமை ஒன்றும் மிஞ்சவில்லை.

மாநகரத்துக்கு விறகு வேண்டும், உப்பு வேண்டும், சுண்ணாம்பு வேண்டும். இவை மூன்றும் ஏரிப்பக்கம் கிடைத்தன. எனவே மீண்டும் படகின் காலம் வந்தது. பேசில் காக்ரேன் என்னும் ஆங்கிலேயரின் பொருளுதவியால் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர்ப் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டு மேலும் வளர்த்தது. முடிவில் வடக்கே 315 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெத்தகஞ்சம் வரையிலும், தெற்கே 103 கிலோமீட்டர் சென்று மரக்காணம் வரையிலும் ஒரே நீர்வழியாயிற்று. ஸ்ரீஹரிகோட்டைக் காட்டு விறகும், ஏரியில் வாரிய கிளிஞ்சலும், உப்பும், நெல்லும் அதன் வழியே சென்னை வந்தன. இன்று சென்னையில் நிற்கும் பழங்கட்டடங்கள் பலவற்றின் சாந்தில் ஏரிக் கிளிஞ்சல் கலந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

பொழுதுபோக்கிற்காகவும் படகேறினர். எண்ணூரில் மாளிகை கட்டிக்கொண்டு, மீன்பிடித்தும் ஓடம் விட்டும் ஓய்வு நாள்களைக் கழிப்பது சென்னை ஐரோப்பியர்க்கு ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. நம்மவரும் அந்தச் சுவையை அறியாதவர் அல்லர். இதே கால்வாயின் தென்பகுதியில் மாமல்லபுரத்துக்குச் சென்ற ஓடப் பயணத்தைப் பாவேந்தர் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடலாக்கியிருக்கிறார். கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் படித்தல் வேண்டும்.

காற்று இல்லாத வேளையில் அந்தப் படகுகள் எவ்வாறு சென்றன? கரையில் ஆள்கள் தோளில் கயிறு மாட்டிக்கொண்டு இழுத்துச் சென்றனர். ஒல்லாந்தரின் தாயகத்தில் 1632 முதல் ஆர்லெம், ஆம்ஸ்டர்டாம் நகரங்களுக்கிடையே நேரம் தவறாமல் பயணிகள் படகு ஓடியது. அங்கே கயிற்றை இழுத்தது குதிரை. இங்கே மனிதன் குதிரையினும் மலிவாகக் கிடைத்தான்.

மலிவு என்றதும் ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் வாய்வழக்கில் நின்றது அதுதான். மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். உயிர் தப்பியோர் நகரை நோக்கி வந்தனர். அவர்களுக்கு வேலை கொடுத்துக் கூலி தரும் நிவாரணத் திட்டங்களுள் ஒன்றாகச் சென்னை நகருக்குள்ளேயே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்க் கால்வாய் வெட்டப்பட்டது. வடபகுதியும் தென்பகுதியும் ஒன்றுசேர்ந்தது இதனால்தான்.

அக்காலத்து நிவாரணக் கூலி எவ்வளவு தெரியுமா? பஞ்ச நிலையைப் பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள் 1877-இன் தொடக்கத்தில், உடலுழைப்புச் செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவிலும் குறைவு. இது உயிரைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்னும் மருத்துவர் வாதாடினார். அவர் வாதம் வெல்லச் சில மாதங்கள் பிடித்தன. அவ்வாண்டின் நடுவில் அந்தக் குறைந்த கூலி கைவிடப்பட்டது. அந்தச் சில மாதங்களில் மண் சுமந்து சுருண்டு விழுந்தவர்கள் எந்த வாதத்திலும் பங்கு கொள்ளவில்லை. கால்வாய்க்கு 1878-இல் பெயர் சூட்டினர். அப்போது ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அவர் பெயரே நிலைத்தது. மாணவர்களே, பக்கிங்காம் கால்வாயைச் சாக்கடை என்று முகஞ்சுளித்துக் கடப்பவர்கள், அது யார் கையால் வெட்டப்பட்டது என்பதையும் அறிந்து கடப்பது நல்லது.

படகு வழியை வீழ்த்தியது எது? ஒன்று இருப்புப்பாதை. இந்தியாவுக்கு இருப்புப்பாதையினும் நீர்வழியே ஏற்றது என்று கோதாவரி அணை கட்டிய ஆர்தர் காட்டன் வாழ்நாள் முழுதும் வாதாடினார்; அவர் மறைந்த 1899-ஆம் ஆண்டிலேயே சென்னைக்கும் விசயவாடாவுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது தற்செயலான பொருத்தம். அப்பாதை ஏரிக்கரையை ஒட்டிச் செல்லவில்லை. மேற்கே விலகி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை வழியே சென்றது. ஆகவே அவ்வூர்கள் முன்னேறின. கும்மிடிப்பூண்டியில் இன்று ஆலைப் புகைபோக்கிகள் நிற்கின்றன. பழவேற்காட்டுக்கு இன்றுவரை புகைவண்டி நிலையம் இல்லை. பிறகு லாரி வந்தது. 1960-களில் அடுத்தடுத்து அடித்த புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. தூர் எடுக்கும் செலவை லாரிக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் படகைக் கைவிட்டனர். 2008-இல் நடுவண் அரசு இதனைக் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையுள்ள நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவித்தது. அறிவிப்பால் மணல் நகர்வதில்லை.

கெல்ட்ரியாவைக் கட்டிய கம்பெனிக்கு ஆறு கிளைகள் இருந்தன. அவற்றுள் இரண்டு ஹோர்ன், எங்க்ஹாய்சன் என்னும் சிறு துறைமுக நகரங்களில் இருந்தன. பத்தாவியாவை நிறுவிய கூன் என்பவர் ஹோர்ன் நகரில் பிறந்தவர். அந்நகரங்களும் ஓர் ஆழமற்ற உள்கடலின் கரையில் இருந்தவையே. அவற்றின் துறைகளும் தூர்ந்தன, வாணிகமும் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்றது. பழவேற்காட்டுக்கு நேர்ந்ததே பழவேற்காட்டை ஆண்டவர்களின் சொந்த ஊர்களுக்கும் நேர்ந்தது. 1932-இல் 32 கிலோமீட்டர் நீள அணையால் அந்த உள்கடலை அடைத்து ஏரியாக்கினார்கள். இன்று கோடைக்காலத்தில் அங்கே மக்கள் தத்தம் சொந்தப் பாய்மரப் படகில் குடும்பத்தோடு ஏறி, ஒரு துறையில் உண்டு, மறு துறையில் உறங்கி, ஊர் ஊராகச் செல்கிறார்கள். கம்பெனிக் கப்பல் நின்ற படித்துறையில் பிள்ளைகள் கால் நனைக்கிறார்கள். மடிந்த துறைமுகத்துக்கு இப்படியும் ஒரு மறுபிறவி உண்டு.

நம் ஏரியில் அது எளிதன்று. எளிது என்று எண்ணியதன் விலையும் சிறிதன்று. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயல் அமைதியாகத் தோன்றும். முகத்துவாரத்தில் கடலின் இழுப்பு வேறு. பரம்பரையாக அதை அறிந்த மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையால் தங்களுக்குள் சீட்டுப் போட்டு, இன்ன குடும்பம் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை விரிக்கலாம் என்று வகுத்துக்கொள்கின்றனர். எழுதிய சட்டம் இல்லாமலேயே நடக்கும் நீதி அது. மறுபக்கம் ஸ்ரீஹரிகோட்டை. 1969-இல் விண்வெளி ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்தத் தீவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட்டு எழுந்தது. ஏவும் நாளில் சுற்றுப்புறக் கடலில் படகுகள் செல்லலாகாது. வலைகள் கரையில் காயும்.

சென்ற முறை போனபோது, முகத்துவாரம் மணலால் குறுகிப்போயிருப்பதைப் படகுக்காரர் ஒருவர் கோலால் சுட்டிக் காட்டினார். கடல் நீர் உள்ளே வந்தால்தான் இறால் வரும். ஆற்று நீர் வெளியே போனால்தான் வெள்ளம் வடியும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஆரணியாறு பெருகினால் அது தானே திறந்துகொள்ளும் என்றார். “பெய்யாவிட்டால்?” என்று ஒரு மாணவன் கேட்டான். “ஊர் கூடி வெட்டுவோம், தம்பி” என்று சொல்லிவிட்டு, அவர் கோலை மணலில் ஊன்றிப் படகைத் திருப்பினார்.